உங்களுக்குத் தெரியுமா? புறாவும் காட்டுப்பழமும் – திருகோணமலைத் துணுக்குகள்

பந்தயப் புறாவுக்குக் காட்டுப்பழம் கொடுக்கலாமா, கொடுத்தால் வேகம் கூடுமா? புறா வளர்ப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். விடை தேட நல்ல இடம் திருகோணமலை. புறாவின் பெயரைத் தாங்கிய தீவு அங்கே இருக்கிறது. பழம் மட்டுமே தின்று வாழும் புறாக்களும் அங்குள்ள காடுகளில் இருக்கின்றன. ஆனியிலும் ஆடியிலும் பழுத்துக் குலுங்கும் பாலையும் வீரையும் இருக்கின்றன. இனித் துணுக்குகள்.

புறாமலை

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் கடலுக்குள் நிற்கும் புறாத்தீவை ஊரில் புறாமலை என்றும் சொல்வார்கள். பெரியது, சிறியது என இரண்டு தீவுகள். பெரிய தீவின் உச்சி கடல்மட்டத்திலிருந்து சுமார் 45 மீற்றர். பாறை இடுக்குகளில் கூடு கட்டும் மாடப்புறாக்களால் வந்த பெயர் இது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இங்கே துப்பாக்கி சுடும் பயிற்சி நடந்தது. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவித்தார்கள். இப்போது படகேறுகிறவர்கள் முருகைக்கல்லையும் மீனையும் பார்க்கப் போகிறார்கள். தீவுக்குப் பெயர் கொடுத்தவை தலைக்கு மேலே பறப்பதைக் கவனிப்பவர் குறைவு.

எல்லாப் புறாவும் ஒரே வீடு

புறாமலையின் பாறைப் புறாவும், பெல்ஜியத்தில் இலட்சக்கணக்கில் விலைபோகும் பந்தயப் புறாவும், கோயில் கோபுரத்தில் அடையும் புறாவும் ஒரே இனம். விசிறி வாலும், ஊதிய கழுத்தும், குட்டிக்கரணமும் மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் வந்தவை. இதை விரிவாக வாதிட்டவர் சார்ள்ஸ் டார்வின். 1855இல் புறா வளர்க்கத் தொடங்கிய அவர், லண்டனில் இரண்டு புறாக் கழகங்களில் உறுப்பினராகச் சேர்ந்தார். 1859இல் வெளிவந்த அவருடைய 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் அத்தியாயத்திலேயே புறா வந்துவிடுகிறது.

பந்தயப் புறாவுக்கு எந்தத் தீனி பொருந்தும் என்ற கேள்விக்கும் விடை இங்கேதான் தொடங்குகிறது. அதன் மூதாதை பாறையில் அடைந்து, வெளியில் தானியம் பொறுக்கிய பறவை. மரத்தில் தொங்கிப் பழம் பறித்த பறவை அல்ல.

கல் தின்னும் பறவை

புறாவுக்குப் பல் இல்லை. நெல்லையும் பயறையும் தோலோடு விழுங்கும். அவை முதலில் கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் ஊறும். பிறகு தடித்த தசையாலான அரைபைக்குப் போகும். புறா அவ்வப்போது விழுங்கி வைத்த சிறுகற்கள் அங்கே தானியத்தோடு உரசி அதை மாவாக்கும். கூண்டில் வளர்ப்பவர்கள் மண்சட்டியில் சிறுகல், சிப்பித்தூள், செங்கல் தூள் வைப்பது இதற்காகத்தான்.

புறா கல் விழுங்குவது தமிழருக்குப் புதிய செய்தி அல்ல. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில் அந்தத் துறைமுகத்துப் புறாக்கள் கல்லுண்ணும் புறாக்களாகவே வருகின்றன என்று உரைகாரர்கள் பொருள் சொல்கிறார்கள்.

உதட்டை ஒட்டும் பழம்

திருகோணமலையிலும் வன்னியிலும் காட்டுப்பழம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பாலைப்பழம். விரல் நுனி அளவுதான். பழுத்தால் மஞ்சள். தோலைக் கிள்ளினால் வெள்ளைப் பால் கசியும். உள்ளே இனித்த சதையும், பளபளக்கும் பழுப்பு நிறக் கொட்டை ஒன்றும் இருக்கும். ஒரு பிடி தின்றால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

பாலை, சப்போட்டாவின் நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே பேரினம். இலுப்பையும் இதே குடும்பம். பாலைப்பழக் காலம் வந்தால் குரங்கு, கரடி, வௌவால், பறவை எல்லாம் மரத்தடியிலும் மரத்திலுமாகக் கூடிவிடும். யால காட்டில் கரடியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பாலை பழுக்கும் மாதத்தைத் தேர்ந்து போவது இதனால்தான்.

வீரை, சூரை, இலந்தை

வீரை மரத்தின் பழம் சிவப்பு. ஒரு கொட்டையும் அதைச் சுற்றி மெல்லிய சதையும் இருக்கும். சூரை முள்ளுக்கொடி. பழம் மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, கறுப்பு, புளிப்பு. இலந்தையும் சூரையும் ஒரே பேரினம். இவற்றோடு நாவல், களா, ஈச்சம்பழம், ஆலம்பழம், அரசம்பழம் என உலர்வலயக் காட்டின் பட்டியல் நீளும்.

மாரியில், அதாவது ஐப்பசி முதல் தை வரை, பெய்யும் மழையைக் குடித்து வைத்திருந்து, வெயில் உச்சத்தில் இருக்கும் மாதங்களில் பழம் தருபவை இவற்றில் பல. குளங்கள் வற்றும் நேரத்தில் காட்டு உயிர்களுக்குச் சாறும் சர்க்கரையும் இந்த மரங்களிலிருந்தே கிடைக்கின்றன.

பழம் தின்றும் விதை பரப்பாத புறா

பச்சைப்புறாக்கள் முழுநேரப் பழந்தின்னிகள். இலங்கைக்கே உரிய பச்சைப்புறாவும், ஆரஞ்சு மார்புப் பச்சைப்புறாவும் ஆலும் அரசும் பழுத்தால் கூட்டமாக வந்து இறங்கும். இலைக்கு நடுவில் அசையாமல் இருந்தால் அவற்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஒரு பழம் தரையில் விழும் சத்தம்தான் காட்டிக்கொடுக்கும்.

பழம் தின்னும் பறவை எல்லாமே விதை பரப்பும் என்று நினைக்கிறோம். பச்சைப்புறா அப்படி அல்ல. அதன் அரைபையும் வலுவானது. ஆலம்பழத்தின் கடுகிலும் சிறிய விதைகளை அரைத்துச் செரித்துவிடும். மலேசியக் காட்டில் செய்த ஆய்வொன்று 1989இல் இதைக் காட்டியது. பழத்துக்காக வந்த விருந்தாளி போலத் தெரிந்தாலும் விதையையும் சேர்த்துத்தான் சாப்பிடுகிறது.

முழுசாய் விழுங்கும் புறா

இதற்கு நேரெதிர் இம்பீரியல் புறா. முதுகும் இறக்கையும் மினுங்கும் பச்சை, தலையும் மார்பும் சாம்பல், மாடப்புறாவைவிட நன்றாகப் பெரிது. அதன் வாய் விரிந்துகொடுக்கும். பெரிய கொட்டை உள்ள பழத்தையும் முழுசாய் விழுங்கும். அரைபை மென்மையானது, கொட்டையை உடைக்காது. சதையைச் செரித்துவிட்டுக் கொட்டையை வேறெங்கோ போடும். சாதிக்காய் இனத்து மரங்கள் காட்டில் இடம்விட்டு இடம் போக இந்தப் புறாக்களும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டின் மாநிலப் பறவை

மரகதப்புறாதான் தமிழ்நாட்டின் மாநிலப் பறவை. அந்தப் புறா இலங்கைக் காடுகளிலும் உண்டு. மரத்தில் ஏறிப் பழம் பறிப்பதைவிடத் தரையில் உதிர்ந்த பழத்தையும் விதையையும் நடந்து நடந்து பொறுக்குவதே அதற்குப் பழக்கம். காட்டுப்பாதையில் வாகனம் நெருங்கும்வரை இருந்துவிட்டு, கடைசி நொடியில் தாழ்வாகப் பறந்து போகும். மகாராஷ்டிராவின் மாநிலப் பறவையும் புறாதான்: மஞ்சள்கால் பச்சைப்புறா.

பழமில்லாமலே விற்றமின் சி

'பழத்தில் விற்றமின் சி இருக்கிறது, அதனால் புறாவுக்கு நல்லது' என்பது அடிக்கடி கேட்கும் காரணம். புறா தனக்கு வேண்டிய விற்றமின் சியைத் தன் சிறுநீரகத்திலேயே தயாரித்துக்கொள்கிறது.

இதைப் பறவை பறவையாகச் சோதித்தவர்கள் கல்கத்தா விஞ்ஞானிகள். சௌத்ரியும் சட்டர்ஜியும் 1969இல் 'சயன்ஸ்' இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். சில பறவைகள் சிறுநீரகத்திலும், சில ஈரலிலும், சில இரண்டிலும் விற்றமின் சி தயாரிக்கின்றன. தயாரிக்கத் தெரியாதவையும் உண்டு. நம் வீட்டு வேலியில் கத்தும் செம்புழைக் கொண்டைக்குருவி அந்த வகை. மனிதனைப் போல அதுவும் உணவிலிருந்துதான் எடுக்கவேண்டும். பழம் அதற்குக் கட்டாயம்; புறாவுக்கு விருப்பம்.

ஐரோப்பாவில் எல்டர்

ஐரோப்பாவில் புறாப் பந்தயக்காரர்களில் சிலர் கோடை முடிவில் வேலியோரம் பழுக்கும் எல்டர் பழத்தைக் கொத்தோடு பறித்து வந்து கூண்டில் தொங்கவிடுவார்கள். மிளகு அளவு, கருநீலம், கையில் பட்டால் கறை போகாது. ரோவன், ஹோதோர்ன் போன்ற சிவப்புக் காட்டுப்பழங்களையும் சிலர் கொடுக்கிறார்கள். அங்கேயுள்ள காட்டு மரப்புறாக்கள் இவற்றைத் தாமாகவே தேடித் தின்பவை. அதைப் பார்த்து வளர்ப்பவர்களும் தொடங்கியிருக்கலாம். பந்தயப் பருவம் முடிந்து பறவை ஓய்வெடுத்து இறகு மாற்றும் நேரமும், எல்டர் பழுக்கும் நேரமும் ஒன்றாக வருவது ஒரு வசதி.

காற்றுச் சுரங்கத்தில் ஒரு சோதனை

கருநீலப் பழங்களின் நிறத்துக்குக் காரணம் அந்தோசயனின். நம் நாவல்பழத்திலும் இதுவே இருக்கிறது. நீண்ட தூரம் பறக்கும்போது தசை கடுமையாக உழைத்து, உடலில் கேடு செய்யும் ஒக்சிசன் கழிவுகள் சேரும். அவற்றை அடக்க அந்தோசயனின் உதவுமா?

மைனா குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகளுக்கு எல்டர் பழத்திலிருந்து எடுத்த அந்தோசயனினைத் தீனியில் கலந்து கொடுத்து, காற்றுச் சுரங்கத்தில் மணிக்கணக்கில் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். அதைத் தின்ற பறவைகளின் இரத்தத்தில், பறந்து முடித்தபின், களைப்பையும் பதற்றத்தையும் காட்டும் ஹோர்மோன் குறைவாக ஏறியிருந்தது. 2020இல் வந்த ஆய்வு இது. ஸ்டார்லிங் இயல்பிலேயே பழம் தின்னும் பறவை என்பதை மறந்துவிடக்கூடாது. அதற்குப் பலித்தது தானியம் தின்னும் பந்தயப் புறாவுக்கும் அப்படியே பலிக்கும் என்று சொல்லிவிட முடியாது.

பறக்க எரிபொருள் எது?

புறாவின் மார்புத் தசை மட்டும் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வரும். புறப்பட்ட சிறிது நேரம் அந்தத் தசை சர்க்கரையை எரிக்கும். பிறகு பெரும்பகுதி கொழுப்புதான். ஜேர்மனியில் காற்றுச் சுரங்கத்தில் புறாவைப் பறக்கவிட்டு, அதன் மூச்சுக்காற்றை அளந்து 1980களில் இதைக் கண்டார்கள்.

ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். சர்க்கரை 4. சாறுள்ள பழத்தில் பெரும்பகுதி தண்ணீர். பந்தயத்துக்கு முந்திய நாட்களில் சோளனும் கச்சானும் கூட்டிக் கொடுப்பதற்கு அர்த்தம் இருக்கிறது: கச்சானில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. அந்த நாட்களில் பழத்தால் தீனிப்பையை நிரப்பினால் தண்ணீரைச் சுமந்துகொண்டுதான் பறக்கவேண்டும்.

இறகு மாற்றும் பருவம்

புறாவின் ஒவ்வோர் இறக்கையிலும் முதன்மை இறகுகள் பத்து. ஒன்று விழுந்து, அந்த இடத்தில் புதியது வளர வளர அடுத்தது விழும். எல்லாம் மாறி முடிய மாதக்கணக்காகும். இறகு என்பது பெரும்பாலும் புரதம். அதற்குப் பயறு, கடலை, கௌபி வேண்டும். பழத்தில் புரதம் மிகக் குறைவு. ஓய்வுப் பருவத்தில் பழம் கொடுக்கலாம், ஆனால் பயற்றைக் குறைத்துவிட்டுக் கொடுத்தால் அடுத்த வருடப் பந்தயத்தில் இறக்கை காட்டிக்கொடுக்கும்.

பழந்தின்னிப் புறா குஞ்சை எப்படி வளர்க்கிறது?

பழத்தில் புரதம் இல்லையென்றால் பச்சைப்புறாவின் குஞ்சு எப்படி வளர்கிறது? மற்றப் பழந்தின்னிப் பறவைகள் பல, குஞ்சு இருக்கும் காலத்தில் பூச்சி பிடிக்கப் போகும். புறாவுக்கு அது தேவை இல்லை. தாயும் தகப்பனும் இரண்டுமே தீனிப்பையின் சுவரிலிருந்து தயிர்க்கட்டி போன்ற ஒன்றைச் சுரக்கின்றன. புறாப்பால் என்பது இதுதான். கண் திறக்காத குஞ்சு தன் அலகைத் தாயின் தொண்டைக்குள் நுழைத்து அதை வாங்கிக்கொள்ளும். முதல் சில நாட்களுக்கு வேறு உணவே இல்லை. இரண்டு நாளில் குஞ்சின் எடை இருமடங்காகும்.

இந்தச் சுரப்பைத் தூண்டும் ஹோர்மோனுக்கு 1930களின் தொடக்கத்தில் 'புரோலக்டின்' என்று பெயர் வைத்தவர் அமெரிக்க விஞ்ஞானி ஒஸ்கார் ரிடில். புறாவின் தீனிப்பையை வைத்துத்தான் அவர் அதை அளந்தார். பாலூட்டும் மனிதத் தாயின் உடலில் வேலை செய்வதும் அதே பெயருள்ள ஹோர்மோன்தான்.

புறாவின் கண்ணில் நாவல்பழம்

நம் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரைப் புறாவால் பார்க்க முடியும். சில கரும்பழங்களின் மேல் படிந்திருக்கும் வெண்சாம்பல் மெழுகு அந்தக் கதிரைத் திருப்பியனுப்பும். நமக்கு மங்கலாகத் தெரியும் பழம், பறவைக்கு இலைகளின் நடுவே பளிச்சென்று தெரியும்.

கொச்சிக்காய் உறைக்காது

சிவந்த கொச்சிக்காயைப் பறவைகள் கொத்தித் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். மிளகாயின் உறைப்பை உணரும் நரம்புவாயில் பறவைகளிடம் வேறு அமைப்பில் இருக்கிறது. அதனால் அவற்றுக்கு எரியாது. விதையைக் கடித்து நாசமாக்கும் எலிக்கு எரியும். உறைப்பை உணரும் அந்த வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கடலில் மிதந்த புறா

தீவுகளுக்கு விதை எப்படிப் போகிறது என்பது டார்வினைக் குடைந்த கேள்வி. பட்டாணி உப்புநீரில் சில நாள் கிடந்தாலே முளைக்காது. ஆனால் செத்த புறாவின் தீனிப்பைக்குள் இருந்தால்? ஒரு புறாவின் உடலைச் செயற்கைக் கடல்நீரில் 30 நாள் மிதக்கவிட்டு, பிறகு தீனிப்பையிலிருந்து விதைகளை எடுத்து விதைத்தார். ஏறத்தாழ எல்லாமே முளைத்தன. அவரே எதிர்பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறார். கரையோரத்தில் செடிகொடி ஆராய்கிறவர்கள் செத்து ஒதுங்கிய பறவையையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்பதற்கு இது ஒரு பழைய சான்று.

டோடோவும் பாலையின் உறவினரும்

மொரீசியஸ் தீவில் அழிந்துபோன டோடோவும் புறா இனந்தான். இன்று உயிரோடிருக்கும் அதன் நெருங்கிய சொந்தம் நிக்கோபார் புறா என்று 2002இல் வெளியான மரபணு ஆய்வு சொன்னது.

அதே தீவில் தம்பலகொக் என்றொரு மரம் உண்டு. நம் பாலை மரத்தின் குடும்பம். அதன் கொட்டை கெட்டியானது. டோடோவின் அரைபையில் தேய்ந்தால்தான் அது முளைக்கும், டோடோ அழிந்ததால் மரமும் அழிகிறது என்று 1977இல் ஸ்டான்லி டெம்பிள் எழுதினார். டோடோவுக்குப் பதிலாக வான்கோழிகளுக்குக் கொட்டையை ஊட்டியும் பார்த்தார். 3 கொட்டைகள் முளைத்தன. அழகான கதை என்பதால் பாடப்புத்தகங்களில் ஏறிவிட்டது. தேய்க்காமலே அந்தக் கொட்டை முளைக்கும் என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள்.

புறாவில் வந்த கப்பல் செய்தி

கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டப்படுவதற்கு முன், இலங்கைக்கு வரும் தபால் கப்பல்கள் காலியில்தான் நின்றன. திருகோணமலை கடற்படைக்கு உரிய துறைமுகமாக இருந்தது. ஐரோப்பியச் செய்தி காலியில் இறங்கிக் குதிரை வண்டியில் கொழும்புக்கு வரும்வரை பொறுக்க 'கொழும்பு ஒப்சேர்வர்' பத்திரிகை தயாராக இல்லை. 1850இல் காலியிலிருந்து புறாவில் செய்தி அனுப்பத் தொடங்கியது. 1858இல் இரு நகரங்களுக்கும் தந்திக் கம்பி வந்ததும் புறாக்களுக்கு வேலை போனது.

அதே 1850இல்தான் ஜூலியஸ் ரொய்ட்டர் ஆஹனுக்கும் பிரசல்சுக்கும் இடையே தந்தி இல்லாத தூரத்தைப் புறாக்களால் நிரப்பினார். ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அவர் பெயரில் வளர்ந்தது.

அதே பாதையில் ஒரு பாட்டுப் புறா

காலி வழியாகப் புறாவைத் தூதனுப்பியதில் பத்திரிகைக்காரர்கள் முதல்வர்கள் அல்லர். 15ஆம் நூற்றாண்டில் தொட்டகமுவே ஸ்ரீ ராகுல தேரர் எழுதிய சிங்களத் தூதுக் காவியம் 'பரவி சந்தேசய'. அதில் புறா கோட்டையிலிருந்து தென்கரை வழியே தெவிநுவரைக்குப் பறக்கிறது. ஆனால் இயற்கையில் புறா தன் கூட்டுக்குத் திரும்ப மட்டுமே அறியும். காவியப் புறா போகச் சொன்ன ஊருக்குப் போகும். பத்திரிகைப் புறாவைக் கூடையில் வைத்து முதலில் காலிக்குக் கொண்டுபோக வேண்டும்.

பொலிஸ் வேலையில் புறா

ஒடிசா பொலிசார் 1946இல் இராணுவத்திடமிருந்து 200 புறாக்களை வாங்கித் தூதுப்பிரிவு ஒன்றைத் தொடங்கினார்கள். முதலில் கோராபுட் மலைப்பகுதியில். 1999 பெரும்புயலில் கம்பியும் கம்பமும் சாய்ந்தபோது இந்தப் புறாக்கள் செய்தி கொண்டுபோயின. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தபிறகும் கட்டாக் நகரில் அவற்றைப் பராமரித்து வருகிறார்கள்.

வடசென்னை மாடிகள்

சென்னையில் புறாப் பந்தயத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஹோமர் தூரத்திலிருந்து வீடு திரும்பும் பறவை. சாதாப்புறா வானத்தில் எத்தனை மணிநேரம் நிற்கிறது என்பதே போட்டி. கர்ணப்புறா பறந்தபடியே குட்டிக்கரணம் போடும். தனுஷ் நடித்து 2015இல் வந்த 'மாரி' படம் இந்த மாடிகளைத் திரைக்குக் கொண்டுவந்தது.

முதலில் வருவது வெற்றி அல்ல

தூரப் பந்தயத்தில் எல்லாப் புறாவையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் விடுவார்கள். ஆனால் ஒவ்வொரு பறவையின் வீடும் வேறு வேறு தூரத்தில் இருக்கும். அதனால் முதலில் வீடு சேர்ந்த புறா வென்றதாகாது. தூரத்தை நேரத்தால் வகுத்து, நிமிடத்துக்கு எத்தனை மீற்றர் என்று கணக்கிட்டுத்தான் பரிசு. இப்போது காலில் மாட்டிய சில்லு வளையம், கூண்டு வாசலில் கால் வைத்த நொடியைத் தானே பதிந்துவிடும்.

16 இலட்சம் யூரோ

2020 நவம்பரில் 'நியூ கிம்' என்ற பெல்ஜியப் பெட்டைப் புறா ஏலத்தில் 16 இலட்சம் யூரோவுக்குப் போனது. வாங்கியவர் சீனர். அப்போது அதற்கு வயது இரண்டு. பந்தயத்தை விட்டுக் குஞ்சு பொரிக்க வைக்கவே அந்த விலை.

கொடுக்கக்கூடாதவை

குண்டுமணியின் சிவப்பு-கறுப்பு அழகுக்குள் கொடிய நஞ்சு இருக்கிறது. கெட்டியான ஓடு உடையாதவரை அது வெளிவராது. கல் வைத்து அரைக்கும் பறவையிடம் அந்த ஓடு தாங்கும் என்று நம்பக்கூடாது. ஆமணக்கும் அரளியும் வேண்டவே வேண்டாம். மணத்தக்காளி கறுத்துப் பழுத்தால் சரி. பச்சைக்காயில் நச்சுச்சத்து உண்டு. உண்ணிச்செடியின் பழுக்காத காயும் அப்படியே. அவகாடோ காட்டுப்பழம் அல்ல, ஆனால் மிச்சமானால் புறாவுக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் சதையும் இலையும் பறவைகளின் இதயத்தைத் தாக்கும். பெயர் தெரியாத பழத்தைக் 'குருவி தின்கிறதே' என்று புறாவுக்குக் கொடுப்பதும் தவறு. ஒரு பறவைக்கு ஒத்துவருவது இன்னொன்றுக்கு ஒத்துவரும் என்ற உத்தரவாதம் இல்லை.

கொடுப்பதென்றால்

ஒரு பந்தயப் புறா நாளொன்றுக்குத் தின்னும் தானியம் சுமார் 30 கிராம். பழம் அதற்குத் தொடுகறி. நாலைந்து சிறு பழங்கள் போதும். வீதியோரத்து வாகனப் புகையும், தோட்டத்து மருந்தும் படாத மரத்தில் பறித்து, கழுவி, ஈரம் துடைத்து வைக்கவேண்டும். நாவல், இலந்தை போன்ற பெரிய கொட்டைப் பழத்தைக் கொட்டை நீக்கி, சதையை நறுக்கி வைப்பது நல்லது. புளித்ததும் பூஞ்சை பிடித்ததும் ஆகாது. சட்டியில் மிஞ்சியதை மாலையே அகற்றிவிடுங்கள். நாவல்பழம் தின்ற மறுநாள் எச்சம் ஊதாவாக இருந்தால் இரத்தம் என்று பயப்பட வேண்டாம். இரண்டு நாள் கழித்தும் எச்சம் தண்ணீராகப் போனால் பழத்தை நிறுத்திவிட்டு மிருக வைத்தியரைப் பாருங்கள். பழக்கமில்லாத பறவை முதல்நாள் தொடாமலே விடும். அதை வற்புறுத்தி வாயில் திணிக்கக்கூடாது.

எங்கே பறிக்கலாம்?

காட்டுப்பழம் என்பதால் எந்தக் காட்டிலும் பறிக்கலாம் என்று இல்லை. 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி தேசியப் பூங்காவுக்குள் செடிகொடிக்குச் சேதம் செய்வதும், எதையும் எடுத்துவருவதும் குற்றம். புறாத்தீவும் அதற்குள் அடங்கும். வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டு பார்ப்பதற்கு மட்டுமே. துறைமுகத்தைச் சுற்றியுள்ள கடற்படை நீரேந்துப் பகுதியும் 1963 முதல் சரணாலயம். சொந்த வளவில் நிற்கும் மரமோ, பருவத்தில் தெருவோரம் கூடையில் விற்கும் பாலைப்பழமோ போதும். வாங்கியதில் புறாவுக்கு நாலு, மிச்சம் வீட்டுக்காரருக்கு. உதடு ஒட்டாமல் தின்ன வழி கண்டவர்கள் எங்களுக்கும் எழுதுங்கள்.